வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவது எப்படி?

வானம் இருண்டாலோ வெயில் உறைத்தாலோ இடைவேளையை வகுப்பறைக்குள்ளேயே முடித்துவிடும் பழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் உண்டு. இடி மின்னலையும் அரசு எச்சரிக்கை விடுக்கும் நாட்களையும் தவிர்த்துப் பார்த்தால், மாற்ற வேண்டியவை பெரும்பாலும் இடமும் நேரமும் ஆட்டமும்தான். வெளியில் கிடைக்கும் பகல் வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுக்க உதவும்; அந்தக் குறை பெருகியதால் தைவான் 2010ஆம் ஆண்டு முதல் மாணவர்களை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்திவருகிறது. மரநிழலில் கிடைக்கும் வெளிச்சம்கூட வகுப்பறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், நிழலில் உட்கார்ந்து ஆடுவதும் வீண்போகாது.

ஜூன் மாத வெயிலில் ஓடிப்பிடித்தல், கபடி போன்றவற்றைக் காலை இடைவேளைக்கு ஒதுக்கி, மதிய உணவுக்குப் பின் வேம்பு, புங்கை நிழலில் பல்லாங்குழி, ஐந்தாங்கல் ஆடவிடலாம். இரும்புச் சறுக்குமரத்தை ஆசிரியர் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தமக்குச் சுட்டால் பிள்ளையின் தொடைக்கும் சுடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கேரளப் பள்ளிகள் 2019இல் தொடங்கியதுபோல், தண்ணீர் குடிக்கவென்றே தனியாக மணி அடிப்பது நல்லது. தலைசுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறியபடியே 108ஐ அழைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. தூறலில் நனைவது பெரிய கேடு அல்ல, ஈர உடையோடு மாலைவரை உட்கார்ந்திருப்பதுதான் தொல்லை. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாற்றுடையைப் பள்ளியிலேயே வைக்கச் சொல்லுங்கள். மழை விட்டதும் பிள்ளைகளை அனுப்புமுன் ஒருவர் மைதானத்தைச் சுற்றிவந்து, தொங்கும் மின்கம்பி, நீர் நிறைந்த பள்ளம், முறிந்த கிளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குறிப்பாகப் பழைய சுற்றுச்சுவரைப் பாருங்கள்: அடியில் ஈரம் ஊறி, பூச்சு உப்பி, விரிசல் புதிதாகத் தெரிந்தால், கயிறு கட்டி அந்தப் பக்கத்தையே அடைத்துவிட வேண்டும்.

இடிச்சத்தம் கேட்டாலே எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி இருந்தால் அது ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது; அந்தத் தொலைவிலிருந்தும் அடுத்த மின்னல் நம்மீது விழக்கூடும். ஜூனில் காத்த அதே மரம் இப்போது ஆபத்து. தகரக் கொட்டகையும் திறந்த தாழ்வாரமும் போதாது, கான்கிரீட் கட்டடமே பாதுகாப்பு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் வெளியே விடலாம்.

மார்கழிப் பனி பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தடையே அல்ல. வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் மட்டும் பொறுப்பாசிரியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.