காசித்தும்பை: விதைப்பு முதல் நகச்சாயம் வரை

காசித்தும்பையை நர்சரிகளில் பால்சம் என்று கேட்டால் தருவார்கள். ஓசூர், தளி பக்கம் கன்னடம் பேசுவோர் கௌரி ஹூ என்பார்கள். சளிக்குப் பயன்படுத்தும் வெள்ளைத் தும்பை வேறு செடி. அதற்குப் பதிலாக இதைக் கஷாயத்தில் போடக் கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆனி, ஆடி மழையோடு விதைப்பது நல்லது. செம்மண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். செம்மண்ணை மட்டும் போட்டால் காய்ந்ததும் இறுகிப்போகும், வேர் திணறும். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நாலு இலை வந்ததும் ஒரு அடி இடைவெளியில் பிரித்து நடுங்கள். நெருக்கமாக விட்டால் காற்றோட்டம் இல்லாமல் இலையில் வெண்பூஞ்சை படியும்.

இதன் தண்டு முழுக்க நீர். உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணில் விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானே நிமிர்ந்துவிடும். ஈரத்துக்கு மேல் ஈரம் சேர்ந்தால் அடித்தண்டு குழைந்து செடி சாயும். அதன்பிறகு காப்பாற்றுவது கடினம். தொட்டியில் வடிதுளை இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம் மிகப் பொருத்தம். இரண்டு மாதத்தில் பூக்கும்.

விதை எடுப்பதில்தான் பலரும் கோட்டைவிடுவார்கள். முற்றிய காயைத் தொட்டாலே தோல் சுருண்டு விதை தெறித்துவிடும். காய் பருத்து, பச்சை வெளிறத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். வெடித்த விதையை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள்.

நகச்சாயத்துக்குச் சிவப்புப் பூ பத்து, இளம் இலை ஐந்து, மிளகளவு படிகாரம் எடுத்துத் தண்ணீர் விடாமல் கெட்டியாக இடியுங்கள். மருதாணியில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் இதிலும் இருக்கிறது; படிகாரம் அதை நகத்தில் பிடிக்க வைக்கும். கொரியாவிலும் இதே முறைதான். விழுதை நகத்தில் வைத்து, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நூலால் தளர்வாகக் கட்டி, இரவு முழுக்க விடுங்கள். விழுது நீர்த்துப்போனால் நிறம் வெளிறும், விரலெல்லாம் வழியும். தோலில் பட்ட கறை சில நாளில் போய்விடும். நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டும்வரை நிற்கும்.

பூவை அரைத்துத் தீக்காயத்தில் பூசும் பழைய வழக்கமும் உண்டு. அதை இன்று செய்யாதீர்கள்; திறந்த புண்ணில் அழுக்குச் சேரும். சுட்ட உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் எழும்பினால் மருத்துவரிடம் போங்கள்.