மதுரைப் பெயர்களை உருவாக்கும் பைத்தான் நிரல்: தொடக்கநிலையினருக்கு

மாசி வீதியில் உள்ள ஒரு ஜவுளிக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதித்துப் பார்க்க வாடிக்கையாளர் பெயர்கள் வேண்டும். கடையின் உண்மையான லிஸ்ட்டை வாங்கி லேப்டாப்பில் ஏற்றாதீர்கள். அது அடுத்தவர் விவரம். அதைக் காக்க 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பெயர்களை நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: டெர்மினலில் 'பிப் இன்ஸ்டால் ஃபேக்கர்'. இது போலிப் பெயர்களை உருவாக்கித் தரும் பைத்தான் லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு).

படி 2: பைத்தான் ஃபைலில்,

ஃப்ரம் ஃபேக்கர் இம்போர்ட் ஃபேக்கர்
ஃபேக் = ஃபேக்கர்('டிஏ_ஐஎன்')
பிரிண்ட்(ஃபேக்.நேம்())

இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வரும் ஃபேக்கருக்கு முதல் எழுத்து பெரியது. 'டிஏ' சின்ன எழுத்து, 'ஐஎன்' பெரிய எழுத்து. 'டிஏ_ஐஎன்' கொடுத்தால் தமிழ்ப் பெயர் வரும். விட்டுவிட்டால் அமெரிக்கப் பெயர்தான் வரும்.

அவசரத்துக்கு இதுவே போதும். ஆனால் நம்மூர் பில்லில் பெயர் இன்ஷியலோடு வரும். மதுரை என்றால் மீனாட்சியும் வேண்டும், பாத்திமாவும் வேண்டும், ஆரோக்கியமேரியும் வேண்டும். அதனால் சொந்தப் பட்டியல் வைத்துக்கொள்வதுதான் சரி என்பேன்.

படி 3: பைத்தான் 3-இல் மாறிகளுக்கு (வேரியபிள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

ஆண்கள் = ['முத்துப்பாண்டி', 'அழகர்சாமி', 'சொக்கலிங்கம்', 'அந்தோணி', 'இப்ராகிம்']
பெண்கள் = ['மீனாட்சி', 'அங்கயற்கண்ணி', 'பாண்டியம்மாள்', 'ஆரோக்கியமேரி', 'பாத்திமா']

'இம்போர்ட் ரேண்டம்' போட்டு, ரேண்டம்.சாய்ஸ்(ஆண்கள்) என்றால் அப்பா பெயர் ஒன்று கிடைக்கும். ரேண்டம்.சாய்ஸ்(ஆண்கள் + பெண்கள்) என்றால் பிள்ளை பெயர்.

படி 4: இன்ஷியல். இங்கேதான் நிதானம் வேண்டும். அப்பா பெயரின் முதல் எழுத்து என்று [0] போட்டால், முத்துப்பாண்டிக்கு 'மு' வராது, 'ம' வரும். சொக்கலிங்கத்துக்கு 'ச' வரும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் 'மு' என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். பைத்தான் எண்ணுவது குறியீடுகளைத்தான். மீனாட்சிக்கு நமக்கு நான்கு எழுத்து, நீளத்தை எண்ணும் லென்() சொல்வது 8. 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்' செய்து, 'இம்போர்ட் தமிழ்' போட்டு, தமிழ்.யூடிஎஃப்8.கெட்_லெட்டர்ஸ்() மூலம் எழுத்துகளைப் பிரியுங்கள். அதில் முதலாவதை எடுத்துப் புள்ளி வைத்தால் 'மு. மீனாட்சி' சரியாக வரும்.

இதே காரணத்தால் டேட்டாபேஸில் பெயருக்கு ஒதுக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கயற்கண்ணி எட்டு எழுத்துதான். ஆனால் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். 30 பைட் ஒதுக்கியிருந்தால் முழுப்பெயர் அடங்காது. இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்கத்தான் நம்மூர்ப் பெயர்களை வைத்துச் சோதிக்கச் சொல்கிறேன்.

படி 5: தொடக்கத்தில் ரேண்டம்.சீட்(625001) என்று ஓர் எண்ணைக் கொடுங்கள். எந்த எண்ணும் சரிதான். இது மதுரையின் பின்கோடு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதே பெயர்கள் அதே வரிசையில் வரும். பிழை எந்தப் பெயரில் வந்தது என்று திரும்பிப் பார்க்க இது அவசியம்.

பெயர் திரும்ப வரக்கூடாதென்றால் கணக்குப் பாருங்கள். ஐந்து அப்பா, பத்துப் பிள்ளை என்றால் ஐம்பது என்று தோன்றும். அழகர்சாமிக்கும் அந்தோணிக்கும் ஒரே 'அ.' என்பதால் நாற்பதுதான் தேறும். நாற்பத்தொன்றாவது புதுப் பெயர் கிடைக்கும் வரை சுற்று என்று லூப் எழுதினால் அது நிற்கவே நிற்காது. ஓட்டுவதற்கு முன்பே பட்டியலில் இன்னும் பத்துப் பெயராவது சேர்த்துவிடுங்கள்.