விலங்கின் நீண்டகால ஆற்றல் செலவுக்கு வரம்பு எங்கே என்று கண்டறிவது எப்படி?

முதலில் அந்த விலங்கின் அடிப்படை வளர்சிதை மாற்ற வீதத்தை அளந்துகொள்ள வேண்டும். வளர்ந்த, கருவுறாத, பாலூட்டாத விலங்கு, உண்டது செரித்து முடிந்தபின், குளிரோ வெப்பமோ வருத்தாத அறையில் ஓய்ந்திருக்கும்போது நுகரும் ஆக்சிஜனிலிருந்து இது கிடைக்கும். இந்நிபந்தனைகளுள் ஒன்று தவறினாலும் அடிப்படை வீதம் பெருத்து, மொத்தச் செலவு அதைப்போல எத்தனை மடங்கு என்று பின்னர் கணக்கிடும் விகிதம் உண்மையைவிடச் சிறிதாகத் தோன்றும்.

அடுத்தது மொத்தச் செலவு. ஆய்வாளர் நாதன் லிஃப்சன் குழுவினர் 1955இல் விவரித்த முறையே இதற்கு ஏற்றது. டியூட்டீரியமும் (ஹைட்ரஜனின் கனமான வடிவம்) ஆக்சிஜன்-18உம் (ஆக்சிஜனின் கனமான வடிவம்) கலந்த நீரை விலங்கின் உடலில் செலுத்தி, சில நாட்கள் கழித்து உடல்நீரில் இரண்டும் எவ்வளவு குறைந்துள்ளன என்று பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறுகிறது. ஆக்சிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறுகிறது. எனவே இரண்டின் வேறுபாடு கரியமில வாயுவின் அளவையும், உணவின் தன்மையை அறிந்திருந்தால் ஆற்றல் செலவையும் தரும். இந்தக் கன அணுக்கள் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடுவதால், மாதக்கணக்கில் நீளும் ஆய்வில் இதை இடைவெளி விட்டு மீண்டும் செய்ய வேண்டும்.

மொத்தச் செலவை அடிப்படை வீதத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். ஆனால் உடல் எடை நிலையாக இருந்ததா என்று பார்க்காமல் அதை வரம்பு என்று எழுதவே கூடாது. மிகுதியாகத் தவறு நேர்வது இங்கேதான் என்பது என் கருத்து. எடை குறைந்திருந்தால், விலங்கு உண்டதோடு, உடலில் சேமித்திருந்த கொழுப்பையும் செலவிட்டிருக்கிறது. காலமும் அதே அளவு முக்கியம். மூன்று வாரம் நீளும் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தய வீரர்கள் அடிப்படை வீதத்தைப் போல 4 முதல் 5 மடங்கு வரை செலவிடுகிறார்கள். ஆனால் 2015இல் அமெரிக்காவைக் குறுக்காகப் பல மாதங்கள் ஓடியவர்களை அளந்து, பிற நெடும்போட்டிகளின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, மனிதரால் நெடுங்காலம் தாங்கக்கூடியது ஏறத்தாழ 2.5 மடங்குதான் என்று தெரிந்தது. குஞ்சுகளுக்கு இரை தேடும் பறவைகளுக்கு ஏறத்தாழ 4 மடங்கு என்று ஆய்வாளர்கள் ட்ரென்ட், டான் இருவரும் 1980இல் கூறினர்.

வரம்புக்குக் காரணம் குடலா, தசை அல்லது பால்சுரப்பியா, உடல்வெப்பம் வெளியேறும் வேகமா என்று பிரித்தறிய, ஒரு நேரத்தில் ஒரு சூழலை மட்டும் மாற்ற வேண்டும். பாலூட்டும் எலிகளைக் குளிரில் வைத்தபோது அவை இன்னும் அதிகம் உண்டன. ஆகவே அதுவரை அவற்றைத் தடுத்தது குடல் அன்று. சுரப்பியே உச்சத்தில் இருந்திருந்தால் பால் கூடியிருக்காது. ஆனால் வெப்பம் எளிதில் வெளியேறும்படி முதுகு மயிரை மழித்ததும் பாலும் கூடி, குட்டிகளும் எடை ஏறின. வெப்பத்தை வெளியேற்றும் திறனே அங்கு தடையாக இருந்திருக்கிறது என்று இந்தச் சோதனைகளைச் செய்த ஆய்வாளர் ஸ்பீக்மேன் குழுவினர் முடிவு செய்தனர். ஆதலால் விகிதத்தைப் பதியும் ஏட்டில் அறை வெப்பநிலையையும் எடை மாற்றத்தையும் அளவீடு நீடித்த நாட்களையும் தவறாமல் குறித்து வையுங்கள்.