டிசம்பர் பயணம்: நாயை யாரிடம் விடுவது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டிசம்பர் விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்கள், நாய் பூனைகளைப் பார்த்துக்கொள்ள இப்போதே ஆள் பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் தேடினால் ஆளும் கிடைக்காது, கூலியும் ஏறிவிடும்.

காப்பகத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி நாள் கட்டணம். வீட்டில் வந்து தங்குபவரோ பொதுவாக ஓர் இரவுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார். ஒரு நாய் என்றால் காப்பகம் கட்டுப்படியாகலாம். மூன்று இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆள் வைப்பது மலிவாக முடியலாம். இரவில் விளக்கெரிகிற வீட்டைத் திருடனும் தவிர்ப்பான். அந்த லாபம் ரசீதில் வராது. பூனைக்குத் தினம் ஒருமுறை வந்து போனாலே போதும்.

வருகிறவரிடம் உண்ணியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். டிசம்பரில் வரும் நம் ஈரக் கோடையில் உண்ணிக் காய்ச்சல் நாயைச் சில நாளில் சாய்த்துவிடும். தீனியைத் தொடாமல் படுத்தே கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்க வேண்டும்; வெளுத்திருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவுக்கு எத்தனை ராண்ட் வரை உங்கள் சம்மதம் என்பதை எழுதிக் கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையும் மேசைமேல் இருக்கட்டும். இந்த நாட்டில் அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். புத்தாண்டு இரவில் வெடிச் சத்தம் தொடங்குமுன் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தவும் சொல்லிவையுங்கள்.