முயலோடு தக்கலையிலிருந்து சென்னைக்கு: என் அனுபவம்

சென்னைக்கு வீடு மாறும்போது சாமான்களைவிட எங்கள் முயலை நினைத்துத்தான் எனக்குப் பயம். கூடையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். அதனால் பல வாரங்களுக்கு முன்பே கூடையின் கதவைக் கழற்றிவிட்டு, அது படுக்கும் பழைய துண்டை உள்ளே விரித்து, அருகம்புல்லும் கொத்தமல்லித் தழையும் அங்கேயே வைக்க ஆரம்பித்தேன். முதலில் கழுத்தை மட்டும் நீட்டி இழுத்துத் தின்றது, அப்புறம் பின்னங்காலை நீட்டி உள்ளேயே தூங்கியது. பிறகு கதவை மாட்டி, காரில் நாகர்கோவில் வரை போய்வந்து பழக்கினேன்.

முயல் சூடு தாங்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அதனால் இரவில்தான் கிளம்பினோம். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தேன்.

பட்டினி போட்டுக் கொண்டுபோகச் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. வயிறு காலியாகிக் குடல் ஓட்டம் நின்றால் உயிருக்கே ஆபத்து. ஓடும் வண்டியில் தண்ணீர் குடிக்காவிட்டால் நனைத்த புல் கொடுக்கலாம்.

மதுரை தாண்டி நிறுத்தி, முதலில் புழுக்கையைத்தான் பார்த்தேன். வழக்கம்போல உருண்டையாக இருந்தது, சரி, நிம்மதி. அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.