மணாலி–லே சாலையில் பழைய கார்: மலைக்குத் தயாராகிறோம், காற்றை மறந்துவிடுகிறோம்

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ எடுத்துக்கொண்டு லடாக் போகப் போகிறேன் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வரியிலேயே, "ஊட்டிக்கு எத்தனையோ தடவை ஏத்தியிருக்கேன், கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவும் பார்த்தாச்சு, அப்புறம் என்ன?" என்கிறார்கள். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மணாலியிலிருந்து லே போகும் வழியில் வரும் டங்லங் லா 5,328 மீட்டர் (லா என்றால் அந்தப் பக்கத்து மொழியில் கணவாய்). ஏற்றத்துக்கும் வளைவுக்கும் நம்மூர் மலைகளே நல்ல பயிற்சிதான், அதில் குறை இல்லை. ஆனால் நம்மூர் மலை எதுவும் சொல்லித்தராத ஒன்று காற்று. டங்லங் லா உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், ரேடியேட்டர், டேங்கில் இருக்கும் பெட்ரோல், ஓட்டுகிறவரின் தலை என்று எல்லாமே அந்தப் பாதிக் காற்றில் வேலை செய்தாக வேண்டும். புதுக் காரில் கம்ப்யூட்டர் இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். நம் வண்டியில் அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

என் வண்டி 1978 அம்பாசடர், மார்க் 3. அதில் நான் செய்த தவறுகளையும், வழியில் மற்றவர்கள் செய்து பார்த்தவற்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, வண்டியைக் கிளம்பும் ஊரில் ட்யூன் செய்துவிட்டு அதோடு விட்டுவிடுவது. கடல்மட்டத்துக்குச் சரியாக இருக்கும் பெட்ரோல்–காற்றுக் கலவை, மேலே ஏற ஏற பெட்ரோல் மிகுந்த கலவையாக மாறிவிடும். பெட்ரோல் ஏறக்குறைய அதே அளவு வருகிறது, காற்று மட்டும் குறைந்துவிட்டது. கறுப்புப் புகை, மிதித்தால் இழுக்காமல் திணறுவது, நின்றால் ஐட்லிங்கில் அணைந்துபோவது எல்லாம் இதனால்தான். பாரலாச்சா லாவுக்குக் கொஞ்சம் கீழே, ஜிங்ஜிங்பாருக்குப் பக்கத்தில், என் வண்டி இரண்டாம் கியரிலும் ஏற மறுத்தது. ஓரமாக நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை முழுக்க ஈரமில்லாத கரி, அடுப்புக்கரியைத் தொட்டது மாதிரி விரலில் ஒட்டியது. நல்ல பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். நான்கையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் கழுவிப் போட்டுவிட்டு, பெட்ரோல் குறையும்படி எஸ்யு கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அந்த நட்டுக்கு ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். எத்தனை பக்கம் திருப்பினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பத்மினியில் வருவது சோலெக்ஸ் கார்புரேட்டர், அதில் இப்படித் திருப்பிச் சரிசெய்ய முடியாது. பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டில் ஒரு அளவு, இரண்டு அளவு சின்னதாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பலர் செய்யும் இன்னொரு காரியம், காற்று போதவில்லையே என்று ஏர் ஃபில்டரைக் கழற்றி டிக்கியில் போடுவது. கொஞ்சம் இழுவை கூடியது மாதிரி தெரியும், உண்மைதான். ஆனால் பாங் தாண்டினால் மோரே சமவெளி, 40 கிலோமீட்டர் அளவுக்குத் திறந்த வெளி. முன்னால் ஒரு லாரி போனாலே மாவு மாதிரி தூசி எழும்பும். அதை அப்படியே இன்ஜின் குடித்தால், ஊருக்கு வந்து சேர்வதற்குள் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிடும். தயவுசெய்து கழற்றாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம், இங்கே அதனால் பெரிய கெடுதல் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் அடி விழும். பகலில், அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. அந்த மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் ஒவ்வொரு கணவாயிலும் வண்டி கொதிக்கும். புது ரேடியேட்டருக்குச் செலவழித்துவிட்டு மூடியைப் பழையதாகவே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் நிலைமை தலைகீழ். வழியில் இரவு தங்கும் இடமான சர்ச்சுவில் செப்டம்பர் இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வெறும் தண்ணீர் உறைந்தால் விரியும், விரிந்தால் ரேடியேட்டரோ இன்ஜின் பிளாக்கோ வெடிக்கும். கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி, வேறு பேச்சே வேண்டாம்.

இரவில் இன்னொன்று. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்காதீர்கள். ஓடை தாண்டி வந்த ஈரத்தோடு நிறுத்தினால் காலையில் பிரேக் ஷூ டிரம்மோடு உறைந்து ஒட்டியிருக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். முடிந்தால் சரிவைப் பார்த்து நிறுத்துங்கள், குளிரில் பேட்டரி கைவிட்டால் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

பெட்ரோல் விஷயத்தில் அனேகமாக எல்லோரும் மைலேஜைத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். மணாலி தாண்டி வரும் டண்டியில் இருக்கும் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். சமவெளியில் எனக்கு லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்தது. அதே நினைப்பில் இருந்தேன். மேலே முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்ததில் கிடைத்தது ஆறு. 365-ஐ ஆறால் வகுத்தால் 61 லிட்டர் வருகிறது. டேங்க் நிறைய நிரப்பி, அதற்கு மேல் 20 லிட்டர் இரும்பு கேன் ஒன்று எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் கேன் வேண்டாம். கேனைத் திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும். கீழே அடைத்த கேன் மேலே உப்பிப்போய் இருக்கும், சட்டென்று திறந்தால் பெட்ரோல் மேலே பீறிடும்.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறி, இளகி, கசிய ஆரம்பிக்கும். கிளம்புவதற்கு முன் எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பெட்ரோலும் உயரத்தில் சீக்கிரம் ஆவியாகும். ஏற்றத்தில் மெதுவாக ஏறிச் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி ஸ்டார்ட் ஆகாது. நம் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் செல்ஃபை அடித்து அடித்துப் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சுமை. 1,489 சிசி இன்ஜின் கீழேயே சுமார் 50 குதிரைத்திறன்தான் தருகிறது. மேலே அதில் பாதியை மறந்துவிடுங்கள். நான்கு பேர், கேரியரில் கூடாரம், டிக்கியில் பாதி கடையளவு உதிரிபாகம் என்று ஏற்றினால் சர்ச்சு தாண்டி வரும் காட்டா வளைவுகளின் 21 திருப்பத்தில் கிளட்ச் பிளேட் வாசனை வந்துவிடும். இரண்டு பேர் போதும். 1997-ல் பெய்ஜிங்கிலிருந்து பாரிஸுக்குப் பழைய கார்களின் போட்டி ஒன்று நடந்தது, திபெத், நேபாளம் வழியாக இமயத்தைக் கடந்து வந்தார்கள். விலையுயர்ந்த பெரிய கார்கள் நிறையக் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் ஜெயித்தது 1942 வில்லிஸ் ஜீப். லேசான, எளிய வண்டிதான் மலையில் ஜெயிக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

உதிரிபாகத்தில் எது தேவை என்பதும் அப்படித்தான். பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், காயில், பிளக் ஒரு செட், ஃபேன் பெல்ட் இரண்டு, ஹோஸ், டயாப்ரம், ஸ்டெப்னி இரண்டு, கூடுதல் டியூப். ஸ்டெப்னியைத் தவிர மற்றதெல்லாம் ஒரு பெட்டியில் அடங்கும். வழியில் பஞ்சர் ஒட்டக் கூடாரக் கடைகள் உண்டு, ஆனால் உங்கள் அளவு டியூப் அவர்களிடம் இருக்காது. கிரீஸ் கன்னை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்பாசடரின் முன்பக்க ட்ரன்னியனில் (சக்கரத்தைத் தாங்கும் மூட்டு) கிரீஸ் இல்லாமல் அந்தக் கற்பாதையில் இரண்டு நாள் ஓட்டினால் சக்கரம் மடங்கிக்கொள்ளும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் படுத்து நிப்பிள்களுக்கு அடித்துவிட வேண்டும்.

ஓடைகளை, அங்கே நாலா என்பார்கள், காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானத்தில் முழங்கால் தண்ணீர் தொடை வரைக்கும் வந்துவிடும். ஆழமாக இருந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்க வேண்டும், இல்லையென்றால் ஃபேன் தண்ணீரை வாரி பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே நேராக அடிக்கும். கரை ஏறியதும் பெல்ட்டை மாட்ட மறக்கக் கூடாது. பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. தொடர்ந்து மிதித்தால் சூடேறி, பிரேக் ஆயிலில் உறிஞ்சியிருக்கும் ஈரம் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கிளம்புவதற்கு முன் பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள்.

இனி, ஓட்டுகிறவர். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பழைய கார் மெதுவாகப் போவதால், மணாலியில் காலையில் கிளம்பினால் இருட்டும்போது சரியாகச் சர்ச்சுவில் கொண்டுபோய் நிறுத்தும். மணாலி சுமார் 2,050 மீட்டர், சர்ச்சு 4,290 மீட்டருக்குப் பக்கம். ஒரே நாளில் இவ்வளவு ஏறி அங்கே தூங்கினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு, அங்கே ஆஸ்பத்திரியும் கிடையாது. என் நண்பர் அங்கே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார், படுத்தால் மூச்சு முட்டியது. விடிந்ததும் கீழே இறக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. 3,000 மீட்டர் தாண்டிய பிறகு ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரத்தைக் கூட்டித் தூங்கக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மணாலி வழியில் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். அதனால் முதல்முறை போகிறவர்கள் ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள் என்பேன். சோஜி லா 3,528 மீட்டர், கார்கிலில் 2,676 மீட்டரில் தூங்கலாம், ஃபோட்டு லா 4,108 மீட்டர். வண்டிக்கும் உடம்புக்கும் படிப்படியாகப் பழகும். லேயில் சில நாள் இருந்துவிட்டு மணாலி வழியாக இறங்குங்கள். மணாலி வழியாகத்தான் ஏறுவேன் என்றால் சர்ச்சுவுக்கு முன்னால் வரும் கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே போங்கள்.

காகித வேலையையும் விட்டுவிடக் கூடாது. டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீதான கட்டுப்பாடு நீதிமன்ற உத்தரவுகளில் மாறிக்கொண்டே வருகிறது. கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜெய்ப்பூரிலிருந்து ஹிசார் வழியாகச் சண்டிகர் போய்விடுங்கள், நான் அப்படித்தான் போனேன். 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிந்து விஏ எண் வாங்கியிருந்தால், கண்காட்சி, ராலி போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுத்துப்போங்கள்.

சரி, அந்தத் தாள். மேலே நட்டைத் திருப்பிக் குறைத்த பெட்ரோல், மணாலிக்குக் கீழே இறங்கியதும் இன்ஜினுக்குப் போதாது. வண்டி நன்றாக ஓடுகிற மாதிரியே இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போய், சமவெளியில் வேகம் பிடித்து ஓட்டும்போது எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும். லே வரை போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பிய பத்மினி ஒன்று அம்பாலாவுக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றது. மணாலியில் டீ குடிக்க நிறுத்தும்போதே பானட்டைத் திறந்து, தாளில் எழுதிய அத்தனை பக்கத்தையும் திரும்பக் கீழே இறக்குங்கள். பத்மினி என்றால் பழைய ஜெட்டைப் போடுங்கள். மேலே இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) தொட்டிருந்தால் அதையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் சண்டிகர் கிளம்புங்கள்.