பட்ஜெட்டுக்குள் பிள்ளை பார்க்க ஆள் வைப்பது எப்படி?

இது சென்னை மாதிரி ஊரில் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கான கணக்கு. கையில் காசு குறைவென்றால் சம்பளத்தில் பேரம் பேசாதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். அடிமாட்டுச் சம்பளத்துக்கு வருகிறவர், பக்கத்துத் தெருவில் ஐந்நூறு கூடக் கிடைத்தால் நின்றுவிடுவார்.

1. செலவைப் போடுங்கள். 12,000 பேசினால், தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளத்தையும் பிரித்துச் சேர்த்து மாதம் 13,000. மதியச் சாப்பாடு, டீ தனி. நடந்து வருகிற தூரத்தில் ஆள் கிடைப்பது உத்தமம்; இல்லாவிட்டால் பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதாரண பஸ் ஓடும் ரூட்டாகப் பாருங்கள்.

2. நேரத்தைக் குறையுங்கள். ஒருவர் 7 மணிக்குக் கிளம்பி 5 மணிக்குத் திரும்பினால், மற்றவர் 10 மணிக்குக் கிளம்பலாம். ஆள் 10 முதல் 5 வரை போதும். ஒரே அபார்ட்மென்டில் இரு வீடுகள் சேர்ந்து 18,000 கொடுத்தால் வீட்டுக்கு 9,000தான். ஆனால் இரண்டும் கைக்குழந்தை என்றால் வேண்டாம். ஒருவரால் சமாளிக்க முடியாது. காய்ச்சல் வந்த பிள்ளை அதன் வீட்டிலேயே இருக்கும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

3. ஏஜென்சிக்கு முன்னால் வாட்ச்மேனையும் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவையும் கேளுங்கள். கமிஷன் மிச்சம். ஆதார் நகல், உறவினர் ஒருவரின் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

4. மூன்று நாள் சம்பளத்தோடு வெள்ளோட்டம், நீங்களும் வீட்டில் இருந்தபடி. டயபர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா? பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டுப் பவுடர் எடுக்கத் திரும்புகிறாரா? இந்த இரண்டைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

5. லீவு. சண்டை வருவது இங்கேதான். ஞாயிறு போக மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. எடுக்காவிட்டால் அதற்குக் காசு. அதற்கு மேல் போனால் பிடித்தம் எவ்வளவு? 12,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 400, 26-ஆல் வகுத்தால் சுமார் 460. எது என்று முதல் நாளே சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் முகம் சுளிப்புதான். நீங்கள் ஊருக்குப் போகிற நாட்களுக்குப் பிடிக்கக் கூடாது. அவர் வரத் தயாராகத்தானே இருக்கிறார். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் போகும் தேதியை ஒரு மாதம் முன்பே கேட்டு, உங்கள் லீவை அதற்கேற்பப் போடுங்கள்.

அட்வான்ஸ் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 5,000 கொடுத்தால் மாதம் 1,000 கழியுங்கள். நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆப் எதுவும் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும்.

6. அவர் செய்ய வேண்டியது பிள்ளையின் துணி, பிள்ளையின் பாத்திரம், அவ்வளவுதான். வேறு வேலை சொன்னால் அந்த நேரம் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை.

பின்சேர்க்கை: கேமரா வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஹாலில் வையுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. இன்னொன்று, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்பது 2017-இல் வந்த சட்டத் திருத்தம். ஆள் தேடுவதற்கு முன் உங்கள் எச்.ஆரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.